மாமா துடக்குக் காத்த அமெரிக்கன்

எங்கள் மாமா ஒரு அமெரிக்கனுக்குத் துடக்குக் காத்தவர். ரீவியில் வந்து சனத்தைச் சிரிக்க வைக்கிற பகிடிக்காரன் ஒருவனுக்கு. மாமா அவனை நேரில் கண்டதில்லை. யாழ்ப்பாணம் என்று ஓரிடம் இருப்பதே அவனுக்குத் தெரிந்திருக்காது. சாவு நடந்த வீட்டில் முப்பத்தொரு நாள் நல்ல காரியம் பேசக்கூடாது, கோயிலுக்குப் போகக்கூடாது, ரீவி போடக்கூடாது என்று நாங்கள் இருப்போமே, அந்தத் துடக்கு. இதைச் சொன்னால் இப்போதும் ஆட்கள் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். அந்தக் கிழமை முழுக்க அந்த வீட்டுக்குள் நின்று வெந்தவள் நான்.

மாமா என்றால் என் கணவரின் தகப்பனார். எண்பதுகளின் நடுவில், ஆறு மாதம் நின்றுவிட்டுப் போகிறேன் என்று லண்டனுக்கு வந்தார். வந்த இடத்தில் ஊரில் சண்டை பெருத்து, திரும்பிப் போகும் வழி அடைபட்டது. குரோய்டனில் இருக்கிற பெரிய குடிவரவுக் கட்டடத்துக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போய் வரிசையில் நிற்பதும், விசாவை நீட்டிக்கொண்டு வருவதுமாகக் காலம் போய், தோர்ண்டன் ஹீத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் அவர் நிரந்தரமாகிவிட்டார். மாமி ஊரிலேயே நின்றுவிட்டார். வீட்டைப் பூட்டிவிட்டு வந்தால் யார் பார்ப்பது என்பது மாமியின் நியாயம்.

மாமாவுக்கும் அந்த அமெரிக்கனுக்கும் பழக்கம் தொடங்கியது உலக யுத்தக் காலத்தில். மாமா அப்போது கொழும்பில் கிளார்க். யாழ்ப்பாணத்து இளந்தாரிகள் பலர் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, ஒரு சமையற்காரனையும் வைத்துக்கொண்டு இருந்தார்களாம். அந்த வீட்டில் ஒரு றேடியோ. கொழும்பில் வந்து இறங்கியிருந்த வெள்ளைக்காரப் படைகளுக்கென்று தனியாக ஒரு ஒலிபரப்பு நடந்தது. இரவுச் சாப்பாட்டு நேரத்தில் அமெரிக்காவிலிருந்து வந்த பகிடி நிகழ்ச்சிகளை அதில் போடுவார்கள். இளந்தாரிகள் சோற்றுக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்பார்கள். இங்கிலீசில் பாதி விளங்காது. அமெரிக்கன் மூக்கால் கதைப்பதால் மிச்சப் பாதியும் விளங்காது. றேடியோவுக்குள் சனம் சிரித்தால் இவர்களும் சிரிப்பார்கள்.

அந்தப் பகிடிக்காரர்களில் ஒருவர்தான் எங்கள் ஆள். எங்கள் வீட்டில் அவருக்குப் பெயரே கிடையாது. ‘மனுசன்’ என்றால் அவர்தான். மனுசனுடைய நிகழ்ச்சியில் ஒவ்வொரு கிழமையும் ஒரே கதை. வீட்டைவிட்டு வெளிக்கிடப் பார்ப்பார், தொப்பியைக் காணவில்லை என்று தேடுவார். பெண்சாதி வருவாள், மாமியார் வருவாள், பால்காரன் வருவான், எல்லோரோடும் சண்டைக்குக் கொழுவிக்கொண்டு தேடுவார். தொப்பி எங்கே என்று அவர் கேட்கிற ஒவ்வொரு தடவையும் சனம் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கும். ஒரு தொப்பி தொலைந்ததில் இவ்வளவு சிரிக்க என்ன இருக்கிறது என்று கொழும்பில் ஒருவருக்கும் பிடிபடவில்லையாம். பிடிபடாமலே யுத்தமும் முடிந்தது.

லண்டனுக்கு வந்த புதிதில் ஒரு பின்னேரம், பழைய அமெரிக்க நிகழ்ச்சிகளைத் திருப்பிப் போடுகிற ஒரு சனலில் அந்தக் குரல் கேட்டது. மாமா சாறத்தைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து ரீவிக்கு முன்னால் நின்றார். மனுசன் தொப்பியைத் தேடுகிறார். தொப்பி அவருடைய தலையில் இருக்கிறது. மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு கதிரையில் விழுந்தார்.

“எட பாவி, தலையிலையடா! தலையிலை வைச்சுக்கொண்டே இவ்வளவு காலமும் தேடினவன்!”

கொழும்பில் கேட்ட பகிடிக்கு அவர் அன்றைக்குத்தான் உண்மையாகச் சிரித்தார். சிரித்த சிரிப்பில் கண் மேலே போய்விட்டது. அவருக்கு ஏதோ வந்துவிட்டது என்று பயந்து நான் தண்ணீர் எடுக்க ஓடினேன்.

அன்றிலிருந்து பின்னேரம் ஐந்தரை என்றால் எங்கள் வீட்டில் ஒருவரும் மூச்சுவிடக்கூடாது. பகிடி வருவதற்கு முன்னமே மாமா சிரிப்பார், சிரித்துவிட்டுத் திரும்பி நாங்கள் சிரிக்கிறோமா என்று பார்ப்பார். சிரிக்காவிட்டால் விளக்கம் தருவார். விளக்கம் நிகழ்ச்சியைவிட நீளம். அதனால் நான் குசினிக்குள் நின்றபடியே சத்தமாகச் சிரிக்கப் பழகிக்கொண்டேன். வெங்காயம் வெட்டிக்கொண்டு, கண்ணீர் வடிய வடிய, அந்த மனுசனின் தொப்பிக்காக நான் சிரித்த நாட்கள் எத்தனையோ.

மாமி போய்ச் சேர்ந்த செய்தி வந்தது இந்தக் கதைக்கு இரண்டு வருடம் முந்தி. காய்ச்சல் என்றார்கள். சண்டையால் பாதை பூட்டு, ஆஸ்பத்திரியில் மருந்தில்லை. ஊரிலிருந்து கொழும்புக்கு வந்து சேர்ந்த ஒரு சொந்தக்காரர் ரெலிபோனில் சொல்லும்போது எல்லாக் கிரியையும் நடந்து முடிந்துவிட்டது. என் கணவர் சுவரில் சாய்ந்து நின்று அழுதார். மாமா ரிசீவரை வாங்கினார்.

“முப்பத்தொண்டும் முடிஞ்சுதோ? எல்லாம் ஒழுங்காச் செய்தவையோ?”

ஓம் என்றார்கள் போலிருக்கிறது. “அப்ப சரி” என்று வைத்துவிட்டுப் போய்க் குளித்தார். துடக்குக் கழிந்த பிறகு இங்கே என்ன துடக்கு, ஆட்களுக்கும் சொல்ல வேண்டாம் என்றார். ஐந்தரைக்கு ரீவியைப் போட்டுவிட்டு அதற்கு முன்னால் இருந்தார். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. கல்நெஞ்சுக்காரர் என்று மனதுக்குள் திட்டினேன். அந்தக் கோபம் எனக்குக் கன நாள் ஆறவில்லை.

இனி மச்சாளின் கதைக்கு வருகிறேன். அவள் என் கணவரின் ஒரே தங்கச்சி. எங்களோடு இருந்து கவுன்சில் கந்தோரில் வேலை செய்தாள். முப்பது தாண்டிவிட்டது, கல்யாணம் சரிவரவில்லை. ஒருவருக்குச் செவ்வாய் இடித்தது, ஒருவருக்கு அவளுடைய நிறம் இடித்தது, இன்னொருவர் பெண் பார்க்கவென்று சரியாக ஐந்தரை மணிக்கு வந்து தொலைத்தார். தொப்பி கிடைக்கும்வரை பொறுக்கச் சொன்னார் மாமா. அவர் பொறுக்கவில்லை.

கடைசியாக வந்தது லூயிஷாம் பக்கத்துச் சம்பந்தம். மாப்பிள்ளை ஒரு அச்சகத்தில் வேலை. தாயார் கோயிலில் மச்சாளைக் கண்டு, தானாகவே விசாரித்து வந்தவர். பிள்ளைகள் இரண்டும் ரெலிபோனில் கதைத்துக்கொண்டார்கள். ஒரு நாள் அயன்பெட்டியால் சட்டை மினுக்கிக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தாமலே, “அண்ணி, இந்த முறை எனக்கு விருப்பம்” என்றாள். எத்தனை பேருக்கு முன்னால் பலகாரத் தட்டோடு வந்து நின்றவள், அப்படி ஒரு சொல் அவள் வாயிலிருந்து வந்ததே இல்லை. வீட்டிலிருந்த சாமிப் படங்கள் ஒன்று விடாமல் எல்லாவற்றிடமும் சொல்லிவைத்தேன்.

மாப்பிள்ளையின் தாயார் அடுத்த கிழமை கனடாவுக்குப் போக இருந்தார், மகளின் பிள்ளைப்பேற்றுக்கு. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்து நாள் குறித்துவிட்டுத்தான் பிளேன் ஏறுவேன் என்று சொல்லியிருந்தார். குறிக்காமல் போனால்? ரொறொன்ரோவில் அந்த மகள் தன் தம்பிக்கென்று வேறொரு பெண்ணின் படத்தோடு காத்துக்கொண்டிருக்கிறாள் என்று தமிழ்க் கடை அக்கா எனக்குச் சொல்லியிருந்தார். ஸ்டேஷன் றோட்டில் கடை வைத்திருந்தவரின் மனைவி அவர். கத்தரிக்காயை நிறுத்துக்கொண்டே லண்டன் முழுவதன் செய்தியையும் தருவார். ஆக, அந்த ஞாயிற்றுக்கிழமைதான் மச்சாளின் வாழ்க்கை.

செவ்வாய்க்கிழமை மனுசன் செத்துப் போனார்.

நான் கடைக்குப் போய் வந்தபோது ரீவியின் மேல் என்னுடைய வெள்ளைப் படுக்கை விரிப்புக் கிடந்தது. மாமா தலையில் தோய்ந்து, ஈரத் தலையோடு நிலத்தில் பாய் போட்டு இருந்தார்.

“என்ன மாமா இது?”

“மனுசன் போட்டார், பிள்ளை. இப்பத்தான் நியூசிலை சொன்னவங்கள்.”

“ஐயோ பாவம்” என்றேன். நல்ல வயசாளி, அந்த அளவுக்குத்தான் எனக்குத் துக்கம்.

“இண்டைக்கு அடுப்பு மூட்டாதை.”

பையை நிலத்தில் வைத்தேன். “மாமா, ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை பகுதி வருது.”

“வரட்டும். நான் ஒருத்தரையும் வரவேண்டாம் எண்டு சொல்லேல்லையே.”

“துடக்கு வீட்டிலை நாள் குறிக்கிறதோ? அந்தாள் உங்களுக்கு ஆர் மாமா? அண்ணனோ, தம்பியோ?”

“அண்ணன் தம்பியோடை நான் காணிக்குக் கோவிச்சிருக்கிறன், பிள்ளை. இவரோடை ஒரு நாளும் கோவிக்கேல்லை.”

பெற்றோல் ஷெட்டில் வேலை செய்த என் கணவர் ஷிப்டுக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தார். அவரைப் பிடித்துக் குசினிக்குள் இழுத்தேன்.

“இஞ்சாருங்கோ, கொப்பரோடை ஒருக்காக் கதையுங்கோ. முப்பத்தொரு நாள் இருக்கப் போறாராம்.”

“விடும். முப்பத்திரண்டாம் நாள் எழும்பிடுவார்தானே” என்று சொல்லிவிட்டு அவர் பஸ்சுக்கு ஓடிவிட்டார். அந்தக் குடும்பத்து ஆண்களுக்குப் பிரச்சினை என்றால் அப்படி ஒரு நிம்மதி.

சரி, வீட்டுக்குள் நடப்பதுதானே, ஞாயிற்றுக்கிழமை காலையில் விரிப்பை இழுத்து எடுத்துவிட்டு ஆளைச் சவரம் செய்ய வைத்துவிடலாம் என்று நினைத்தேன். புதன்கிழமை கடை அக்கா இடியப்ப உரல் இரவல் வாங்க வந்தார். நான் மேலே உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன். மாமாதான் கதவைத் திறந்திருக்கிறார். மூடிய ரீவி, பாய், சவரம் செய்யாத முகம், சிவந்த கண். அக்காவுக்கு வேறென்ன வேண்டும்?

“ஐயா, என்ன நடந்தது?”

“போட்டார், பிள்ளை. அமெரிக்காவிலை.”

அதற்கு மேல் அக்கா கேட்கவில்லை. செத்தவீட்டில் தோண்டித் துருவி யார் கேட்பார்கள்? அழத்தான் வேண்டும், அழுதார். சத்தம் கேட்டு நான் சவர்க்காரக் கையோடு படியிறங்கி வர, என்னைக் கட்டிப்பிடித்து, “இப்பிடி ஒரு இழவு நடந்திருக்கு, எனக்கொரு சொல்லுச் சொல்லேல்லையே தங்கச்சி” என்று தோளை நனைத்துவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் கடை பூட்டாமல் கிடக்கிறது என்று ஓடிவிட்டார். உரலையும் கொண்டுபோகவில்லை.

பின்னேரம் சாப்பாடு வரத் தொடங்கியது. செத்தவீட்டில் அடுப்பு எரியாது, அயலட்டைதான் சமைத்துக் கொடுக்கும். ஊரில் நாலு வீடு கொடுக்கும். லண்டனில் எல்லோரிடமும் கார் இருந்தது. சோற்றுச் சட்டி, பருப்பு, சொதி, கத்தரிக்காய்க் குழம்பு, பிறகும் கத்தரிக்காய்க் குழம்பு. அந்தக் கிழமை கடையில் கத்தரிக்காய் மலிவு. தேத்தண்ணிப் போத்தல்கள் படிக்கட்டு நீளத்துக்கு நின்றன. என் பிள்ளைகளுக்கு வலு சந்தோசம். “அம்மா, ஹூ டைட்?” என்று ஒரு தடவை கேட்டார்கள், பிறகு வடையோடு மேலே போய்விட்டார்கள்.

வியாழக்கிழமை முன்னறை நிறைந்துவிட்டது. மாமா நடுவில் பாயில் இருந்து மனுசனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை, அதுதான் கொடுமை.

“மற்றவையைச் சிரிக்க வைச்சுப் போட்டுத் தான் சிரியாமல் நிப்பார்.”

“அது பெரிய குணம்” என்றார் ஒருவர்.

“எந்த நேரமும் தொப்பியைத் தேடுவார். தொப்பி தலையிலைதான் இருக்கும்.”

“வயசு போனா மறதி வாறதுதானே, ஐயா” என்றார் கடை அக்கா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

“இல்லைப் பிள்ளை, இளவயசிலையே அப்பிடித்தான்.”

“ஐயோ, பாவம்!”

“பெண்சாதி பிள்ளையள்?” என்று ஒரு பெண் மெல்லக் கேட்டார்.

“கலியாணம் மூண்டு.”

யாழ்ப்பாணத்தான் ஒருவன் அமெரிக்காவுக்குப் போய் மூன்று கட்டியிருக்கிறான்! பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஊரில் தபாலதிபராக இருந்து ஓய்வுபெற்ற கிழவர் ஒருவர் தொண்டையைச் செருமினார். “நான் ஆளைக் கண்டிருக்கிறன். கொழும்பிலை. நல்ல உயரம், பொது நிறம்.”

“உயரம்தான்” என்றார் மாமா, முகம் மலர்ந்து. “ஆனா நல்ல வெள்ளை.”

“ஓமோம், வெள்ளை. எங்கடை பகுதிதானே, தாய் வழியிலை எனக்கும் சொந்தம் வரும்.”

நான் குசினிக்குள் ஓடிப்போய்த் துவாயை வாயில் திணித்துக்கொண்டேன். சிரிப்பு ஒரு பக்கம், பயம் மறுபக்கம். உண்மையைச் சொன்னால் அடுத்த நாளே லூயிஷாம்வரை போய்விடும், பெண்ணின் தகப்பனுக்கு விசர், பைத்தியம் என்று. சொல்லாவிட்டால் முப்பத்தொரு நாள். சாவுக்குத் தவணையாவது உண்டு, விசருக்கு அதுவும் இல்லை. எந்தப் பக்கம் போனாலும் மச்சாளின் கழுத்துத்தான்.

வெள்ளிக்கிழமை ரெலிபோன் அடித்தது. மாப்பிள்ளையின் தாயார்.

“கேள்விப்பட்டம் பிள்ளை. மாமாவுக்கு நல்ல நெருங்கின ஆளாம். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் துக்கம் விசாரிக்க வாறம். மற்றக் கதை இப்ப வேண்டாம், என்ன? நான் கனடாவாலை வந்து பாப்பம்.”

எப்போது வருவீர்கள் என்று கேட்டேன். அது மகளின் சுகத்தைப் பொறுத்தது என்றார்.

மச்சாள் வேலையால் வந்ததும் சொன்னேன். போட்டிருந்த கோட்டைக் கழற்றாமல் படியில் இருந்துவிட்டாள். அழுதால் தேற்றலாம், அவள் அழவில்லை. எனக்குத்தான் வந்த கோபத்துக்கு மாமாவை அப்படியே பாயோடு சுருட்டித் தெருவில் வைக்கலாம் போலிருந்தது.

“நான் இப்பவே ரெலிபோன் எடுத்து உண்மையைச் சொல்லப் போறன்” என்றேன்.

“என்னண்டு சொல்லுவீங்கள் அண்ணி? ரீவிக்காரன் செத்ததுக்கு அப்பா அழுகிறார் எண்டோ?”

ரெலிபோனுக்குப் போன கையை இழுத்துக்கொண்டேன்.

“வேண்டாம்” என்றாள். “வரட்டும். நான் சொல்லுறன். என்ரை வாயாலை சொல்லி உடைஞ்சால் உடையட்டும்.”

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தார்கள், தாயாரும் மாப்பிள்ளையும். தாயார் வெள்ளைச் சேலை உடுத்து, கையில் தேத்தண்ணிப் போத்தலும் ஒரு சட்டியும் கொண்டுவந்தார். சட்டிக்குள் என்ன? கத்தரிக்காய். மாப்பிள்ளை கறுப்புக் கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். தாயார் மாமாவுக்கு முன்னால் வந்து இருந்து, முறைப்படி சேலைத் தலைப்பால் முகத்தை மூடி அழ ஆயத்தமானார்.

“அன்ரி, அழாதேங்கோ” என்றாள் மச்சாள். வாசலில் நின்றாள். அன்றைக்கு உடுக்கவென்று வாங்கி வைத்த பச்சைச் சேலை மேலே அலுமாரியில் கிடக்க, ஒரு பழைய சட்டையோடு நின்றாள். “செத்தது எங்கடை சொந்தம் இல்லை. ரீவியிலை வாற ஒரு அமெரிக்கப் பகிடிக்காரன். அப்பா அந்தாளுக்குத்தான் துடக்குக் காக்கிறார். சனம் பிழையா விளங்கிப் போட்டுது. உங்களுக்குப் பொய் சொல்ல எனக்கு விருப்பமில்லை.”

மாப்பிள்ளைக்கு மூக்கால் ஒரு சத்தம் வந்தது, அதை இருமலாக்கிக்கொண்டார். தாயார் சேலைத் தலைப்பைக் கீழே விட்டு மாமாவைப் பார்த்தார்.

“உண்மையோ அண்ணை?”

“ஓம்” என்றார் மாமா.

“பகிடிக்காரனுக்கோ?”

“ஓம்.”

“நீங்கள் படிச்ச மனிசன். உங்கடை மகளுக்கு நாள் குறிக்கிற கிழமையிலை இது என்ன வேலை?”

நியாயமான கேள்வி. நானும் அந்தக் கேள்வியைச் செவ்வாய்க்கிழமையிலிருந்து பல மாதிரிக் கேட்டுவிட்டேன். மாமா பாயின் ஓரத்தைக் கையால் தடவிக்கொண்டிருந்தார்.

“என்ரை மனுசி போனது எனக்கு முப்பத்தொண்டு கழிஞ்சாப்பிறகுதான் தெரியும், தங்கச்சி. எல்லாம் முடிஞ்சுதாம். நான் அழுகிறதுக்கு ஒரு நாளும் மிச்சம் விடேல்லை.” மூடிய ரீவியைக் காட்டினார். “இவர் போனதை அண்டைக்கே சொன்னவங்கள். பாயைப் போட்டு இருந்திட்டன். ஏன் இருந்தனான் எண்டு எனக்கே தெரியேல்லை.”

மச்சாள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். கல்நெஞ்சுக்காரர் என்று இரண்டு வருடமாக நான் திட்டிக்கொண்டிருந்த மனிதர், நிலத்தில் சின்னப் பிள்ளைபோல இருந்தார்.

தாயார் கதிரையை விட்டு இறங்கி மாமாவுக்கு எதிரே நிலத்தில் இருந்தார்.

“அவ எப்பிடி அண்ணை? எப்பிடிப்பட்ட ஆள்?”

மாமா யோசித்தார். “கனக்கக் கதைக்க மாட்டா. நான் பகிடி சொன்னா முகத்தை நேராத்தான் வைச்சிருப்பா. நான் அங்காலை போனாப்பிறகு குசினிக்குள்ளை நிண்டு சிரிப்பா. எனக்குக் கேக்கும்.”

தாயார் சேலைத் தலைப்பைத் திரும்ப எடுத்தார். எங்கள் ஊர்ப் பெண்களுக்கு அழுவதற்கு ஒரு பிடி கிடைத்தால் போதும். மச்சாளை ஒரு கையாலும் என்னை ஒரு கையாலும் இழுத்து இருத்தி, தலையோடு தலை சேர்த்துக்கொண்டு, லூயிஷாமிலிருந்து கொண்டுவந்த அழுகையையெல்லாம் அவிழ்த்துவிட்டார்.

“குசினிக்குள்ளை நிண்டு சிரிச்ச என்ரை சம்மந்தியே! நீ சிரிச்சதைக் கேக்க எனக்குக் குடுத்து வைக்கேல்லையே! உன்ரை பிள்ளையை நான் கூட்டிக்கொண்டு போக நீ வாசல்லை நிக்கேல்லையே, என்ரை சம்மந்தியே!”

சம்மந்தி. பேசி முடிக்காத வீட்டில் அந்தச் சொல்லை ஒருவரும் வாய் தவறியும் சொல்ல மாட்டார்கள். இரண்டு தரம் சொன்னார். மச்சாளின் விரல்கள் என் கையை நெரித்தன. மாப்பிள்ளை கழுத்துப்பட்டியைத் தளர்த்திக்கொண்டு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மூடியிருந்த ரீவியைப் பார்த்தார். மாமா வாயைத் திறந்தார், முதலில் சத்தம் வரவில்லை. பிறகு வந்தது. அப்படி ஒரு சத்தத்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

அந்த நேரம் பார்த்துக் கடை அக்கா சோற்றுச் சட்டியோடு உள்ளே வந்தார். ஆறாம் நாளில் இந்த அழுகையா என்று திகைத்து, குனிந்து என் காதுக்குள், “ஆர் தங்கச்சி, இன்னொராளும் போட்டினமோ?” என்றார்.

“எங்கடை மாமி, அக்கா” என்றேன்.

“அவ எப்பவோ செத்தவவெண்டு கேள்விப்பட்டனானே?”

“ஓம் அக்கா. செத்தவீடு இண்டைக்குத்தான்.”

அக்கா சட்டியைக் கதிரையில் வைத்துவிட்டு எங்களோடு வந்து இருந்து அழுதார்.